ஐ2பி-க்கு ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன்: தளம் ப்ராக்ஸி வழியாகப் போகிறது, தளத்துக்குள் இருக்கும் வெளிப் படங்கள் நேராகப் போகின்றன

தறி

பயனரின் அடையாளத்தை மறைக்கும் ஐ2பி நெட்வொர்க்குக்கு ஒரு ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறேன். பயனர் பிரவுசரின் ப்ராக்ஸி அமைப்பில் கை வைக்காமலே .ஐ2பி முகவரிகள் ரவுட்டரின் (பயனரின் கணினியிலேயே ஓடும் ஐ2பி மென்பொருளின்) எச்டிடிபி ப்ராக்ஸிக்கு, அதாவது 127.0.0.1-இல் 4444 போர்ட்டுக்குப் போக வேண்டும். மற்றவை வழக்கம்போல் போகட்டும்.

மேனிஃபெஸ்ட் (எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பு) பதிப்பு 3. பெர்மிஷனில் ப்ராக்ஸியும் ஸ்டோரேஜும் இருக்கின்றன. பயனரிடம் தேவைக்கு மேல் அனுமதி கேட்க வேண்டாம் என்பதால் ஹோஸ்ட் பெர்மிஷன் (எந்தத் தளங்களைத் தொடலாம் என்ற அனுமதி) .ஐ2பி-க்கு மட்டும். ப்ராக்ஸி.ஆன்ரிக்வெஸ்ட் லிசனருக்குள் (கோரிக்கை கிளம்பும்போது பிரவுசர் கூப்பிடும் ஃபங்ஷன்) ஹோஸ்ட் பெயரைப் பார்க்கிறேன். .ஐ2பி என்றால் 4444, இல்லாவிட்டால் டைரக்ட், அதாவது ப்ராக்ஸி இல்லாமல் நேராக.

தளங்கள் திறக்கின்றன. ஆனால் நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால், ஒரு .ஐ2பி பக்கம் வெளி இணையத்திலிருந்து எடுக்கும் படங்களும் ஃபான்ட்களும் என் சொந்த ஐபி-யிலிருந்தே போகின்றன. லிசனரில் ஒவ்வொரு கோரிக்கையையும் கன்சோலில் அச்சிட்டுப் பார்த்தேன். அந்தப் படங்களுக்கு லிசனர் கூப்பிடப்படவே இல்லை.

இன்னும் இரண்டு. முகவரிப் பட்டையில் பெயரை மட்டும் தட்டி என்டர் அழுத்தினால் தேடுபொறிக்குப் போய்விடுகிறது. அடுத்தது, பாப்அப்பிலிருந்து எச்டிடிபி-யில் ப்ராக்ஸி.ஐ2பி-ஐ ஃபெட்ச் செய்து ரவுட்டர் ஓடுகிறதா என்று பார்க்கிறேன். தளங்கள் நன்றாகத் திறக்கும்போதும் பாப்அப் "ரவுட்டர் இல்லை" என்றே காட்டுகிறது.

இதே கோடைக் குரோமுக்கும் கொண்டுபோக முடியுமா?

புறவழி

முதல் சிக்கல்தான் முக்கியம். அதைச் சரிசெய்யாமல் இந்த எக்ஸ்டென்ஷனை யாருக்கும் கொடுக்காதீர்கள். ப்ராக்ஸியே இல்லாமல் இருந்தால் பயனர் தளத்துக்குள் போயிருக்கவே முடியாது; இப்போது உள்ளே போகிறார், மறைந்திருப்பதாக நம்புகிறார், முகவரியை விட்டுவிட்டு வருகிறார்.

காரணம் இரண்டு, ஒன்றன் மேல் ஒன்றாக. ப்ராக்ஸி.ஆன்ரிக்வெஸ்ட் லிசனர், உங்களுக்கு ஹோஸ்ட் பெர்மிஷன் இருக்கும் முகவரிகளுக்கு மட்டும்தான் கூப்பிடப்படும். .ஐ2பி-க்கு மட்டும் அனுமதி வாங்கியிருப்பதால் வெளிப் படத்துக்கான கோரிக்கை உங்கள் கண்ணிலேயே படாது. இதைச் சரிசெய்ய ஆல்_யூஆர்எல்ஸ் (எல்லா முகவரிகளுக்குமான) அனுமதி கேட்டே ஆக வேண்டும். குறைந்த அனுமதி நல்ல கொள்கைதான், ஆனால் இங்கே குறைத்த இடத்தில்தான் ஓட்டை. நிறுவும் பக்கத்தில் ஏன் கேட்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

அனுமதியைப் பெருக்கினாலும் கசிவு நிற்காது, ஏனென்றால் உங்கள் விதியே ஹோஸ்ட் பெயரை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. வெளிப் படத்தின் ஹோஸ்ட் .ஐ2பி இல்லை, ஆகவே டைரக்ட். ஒரு ஐ2பி தளத்தை நடத்துபவர் பக்கத்தில் ஒரு பிக்சல் படத்தைத் தன் வெளி சர்வரிலிருந்து இழுக்க வைத்து, அந்தப் படத்தின் முகவரியில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தனி எண்ணைச் சேர்த்துவிட்டால் போதும். அவருடைய இரண்டு லாக் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த வருகை எந்த ஐபி என்று தெரிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட்கூடத் தேவையில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "இந்தக் கோரிக்கை எங்கே போகிறது" என்பதல்ல, "எங்கிருந்து கிளம்புகிறது" என்பது. ஃபயர்பாக்ஸில் இதற்குச் சரியான கருவி கன்டெய்னர், அதாவது குக்கிகளைத் தனியாகப் பிரித்துவைக்கும் டேப் வகை. கான்டெக்ஸ்சுவல்ஐடென்டிட்டீஸ், குக்கீஸ் என்ற இரண்டு பெர்மிஷனையும் சேர்த்து, ஐ2பி-க்கென்று ஒரு கன்டெய்னரை உருவாக்குங்கள். ஒவ்வொரு கோரிக்கையோடும், அது எந்தக் கன்டெய்னரிலிருந்து வருகிறது என்று சொல்லும் குக்கிஸ்டோர்ஐடி வரும். முடிவை அதை வைத்து எடுங்கள். டேப்ஐடி-யை நம்ப வேண்டாம். டேப்போடு சேராத கோரிக்கைகளுக்கு அது -1 என்று வரும், அப்போது உங்கள் விதி தவறான பக்கம் விழும். டாக்குமென்ட்யூஆர்எல், ஒரிஜின்யூஆர்எல் இரண்டையும் கூடுதல் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகள் இப்படி அமையட்டும். ஐ2பி கன்டெய்னரிலிருந்து கிளம்பும் எதுவும், ஹோஸ்ட் எதுவானாலும், 4444-க்கே. விலக்கே வேண்டாம். அதற்கு மேல் வெப்ரிக்வெஸ்ட்.ஆன்பிஃபோர்ரிக்வெஸ்ட்டில், அந்தக் கன்டெய்னரிலிருந்து .ஐ2பி அல்லாத ஹோஸ்ட்டுக்குப் போகும் துணைக் கோரிக்கைகளை கேன்சல் செய்யுங்கள். இரண்டும் வேண்டும். கேன்சல் ஏதோ காரணத்தால் தவறினாலும் கோரிக்கை ரவுட்டருக்குத்தான் போகும். அங்கே அவுட்ப்ராக்ஸி (ஐ2பி-யிலிருந்து வெளி இணையத்துக்குப் போகும் வாசல்) இருந்தால் அதன் வழியாக வெளியேறும், இல்லாவிட்டால் எறர் வரும். எப்படியும் வீட்டு ஐபி வெளியே போகாது. 4444-ஐப் பட்டியலாகத் திருப்பித் தருகிறீர்கள் என்றால் அதன் வாலில் டைரக்ட்-ஐச் சேர்க்காதீர்கள். முதலில் இருப்பது தோற்றால் அடுத்ததுக்குப் போ என்பதுதான் அந்தப் பட்டியலுக்குப் பொருள்.

சாதாரண டேப்பில் பயனர் ஒரு .ஐ2பி பக்கத்தைத் திறந்தால், அந்த மெயின்ஃபிரேம் (முழுப் பக்கத்துக்கான) கோரிக்கையை கேன்சல் செய்துவிட்டு அதே முகவரியை ஐ2பி கன்டெய்னரில் புது டேப்பாகத் திறந்து, பழைய டேப்பை மூடுங்கள். முதலில் குக்கிஸ்டோர்ஐடி-யைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புது டேப்பையும் இதே விதி பிடித்துத் திறந்துகொண்டே போகும். முகவரியைக் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது உட்பட அப்படியே கொண்டுபோங்கள். ஐ2பிஅட்ரஸ்ஹெல்பர் என்ற பாராமீட்டரில் தளத்தின் முழு டெஸ்டினேஷனும் (ஐ2பி-க்குள் அதன் உண்மையான முகவரி) இருக்கும், அது வெட்டுப்பட்டால் புதுப் பெயர்கள் திறக்காது. போஸ்ட் கோரிக்கை என்றால் பாடி தொலைந்துபோகும், அதற்கு வழியில்லை.

எதிர்த்திசையும் உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சாதாரண வெளித் தளம் ஒன்று தன் பக்கத்தில் ஒரு .ஐ2பி படத்தை வைத்து, அது ஏறுகிறதா எறர் ஆகிறதா என்று பார்க்கலாம். ஏறினால் இவரிடம் ஐ2பி ஓடுகிறது என்று தெரிந்துபோகும். ஆகவே கன்டெய்னருக்கு வெளியிலிருந்து வரும் .ஐ2பி துணைக் கோரிக்கைகள் எல்லாமே கேன்சல். அதேபோல 127.0.0.1-இன் 7657, 7070 போர்ட்டுகளை, அதாவது ஜாவா ரவுட்டரின் கன்சோலையும் இன்னொரு ரவுட்டர் மென்பொருளான ஐ2பிடி-யின் கன்சோலையும், வேறு தளங்களின் பக்கங்கள் தொட முயன்றாலும் கேன்சல் செய்யுங்கள்.

கடைசிக் காவல் ஒன்று. வெப்ரிக்வெஸ்ட் விவரத்தில் ப்ராக்ஸிஇன்ஃபோ என்ற பண்பு ஃபயர்பாக்ஸில் கிடைக்கும். கோரிக்கை ப்ராக்ஸி வழியாகப் போனால் மட்டுமே அதில் மதிப்பு இருக்கும். கன்டெய்னரிலிருந்து கிளம்பிய கோரிக்கையில் அது இல்லாவிட்டாலோ, ஹோஸ்ட்டும் போர்ட்டும் நீங்கள் கொடுத்ததோடு ஒத்துப்போகாவிட்டாலோ, உடனே கேன்சல். ப்ராக்ஸி லிசனர் எறர் எறிந்தால் கோரிக்கை தானாக நின்றுவிடும் என்று எண்ணி எழுதக் கூடாது. வேறொரு எக்ஸ்டென்ஷன் ப்ராக்ஸியை மாற்றினாலும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

ஹோஸ்ட் பெயரைச் சோதிக்கும் விதத்தையும் பாருங்கள். யூஆர்எல் முழுவதிலும் .ஐ2பி என்ற எழுத்துகளைத் தேடினால் கெட்டது. பாதையிலோ கேள்விக்குறிக்குப் பின்னாலோ அதை யாரும் எழுதிவைக்கலாம், ஒரு வெளி டொமைனுக்கு முன்னால் துணை டொமைனாகவும் வைக்கலாம். பார்ஸ் செய்து ஹோஸ்ட்நேமை மட்டும் எடுத்து, முடிவில் .ஐ2பி இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து எழுதினாலும் அது செல்லுபடியாகும் பெயர்தான். பார்ஸர் அந்தப் புள்ளியை விட்டுவைக்கும், உங்கள் சோதனை அதைத் தவறவிடும். சோதனைக்கு முன் புள்ளியை வெட்டுங்கள்.

மின்மினி

மற்ற இரண்டுக்கும் பதில்.

பாப்அப் பொய் சொல்வதற்குக் காரணம் மேனிஃபெஸ்ட் 3-இன் இயல்பான சிஎஸ்பி (பக்கம் எதை எப்படி ஏற்றலாம் என்று வரையறுக்கும் பாதுகாப்பு விதி). ஃபயர்பாக்ஸ் அதில் அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ் என்ற கட்டளையைச் சேர்த்தே தருகிறது. நீங்கள் எச்டிடிபி என்று எழுதினாலும் எக்ஸ்டென்ஷன் பக்கத்திலிருந்து கிளம்பும்போது அது எச்டிடிபிஎஸ் ஆகிவிடும், ப்ராக்ஸி.ஐ2பி-இல் 443-க்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. மேனிஃபெஸ்ட்டில் எக்ஸ்டென்ஷன் பக்கங்களுக்கான சிஎஸ்பி-யை நீங்களே எழுதி, ஸ்கிரிப்ட்-சோர்ஸ் செல்ஃப் என்பதை மட்டும் வைத்து அந்தக் கட்டளையை விட்டுவிடுங்கள்.

அந்தச் சோதனையின் பொருளையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். ப்ராக்ஸி.ஐ2பி என்பது ஜாவா ரவுட்டரின் ப்ராக்ஸி தனக்குள்ளேயே பதில் சொல்லும் பெயர். ஐ2பிடி-யில் அதே கோரிக்கைக்கு அதன் எறர் பக்கம் வரலாம். ஆகவே ஸ்டேட்டஸ் எண் 200 தானா என்று பார்க்காதீர்கள். எச்டிடிபி பதில் என்று ஏதாவது வந்தாலே போர்ட் உயிரோடு இருக்கிறது. ஃபெட்ச் நெட்வொர்க் எறரில் முடிந்தால் மட்டும் ரவுட்டர் இல்லை. கன்டெய்னர் விதிக்கு மாறும்போது இந்த ஃபெட்ச் உங்கள் கையிலேயே அடைபடும். அது எக்ஸ்டென்ஷன் பக்கத்திலிருந்து, இயல்பான குக்கி ஸ்டோரிலிருந்து கிளம்புகிறது. ஒரிஜின் உங்கள் எக்ஸ்டென்ஷனாகவும் ஹோஸ்ட் ப்ராக்ஸி.ஐ2பி ஆகவும் இருந்தால் 4444-க்கு அனுப்பு என்று ஒரு தனி வரி வேண்டும்.

போர்ட் உயிரோடு இருப்பதும் தளம் திறப்பதும் வேறு வேறு. ரவுட்டர் கிளம்பியவுடன் போர்ட் திறந்துவிடும், ஆனால் டனல்கள் (மற்றவர்களின் ரவுட்டர்கள் வழியாகப் போகும் பாதைகள்) கட்டி முடிய சில நிமிடங்கள் ஆகும். அதற்குப் பிறகும் ஒரு கோரிக்கை போய் பதில் வர நான்கு டனல்கள் வேண்டும், ஏனென்றால் ஐ2பி டனல்கள் ஒருவழி: உங்கள் வெளிச்செல்லும் டனல், அவருடைய உள்வரும் டனல், திரும்பும்போது அவருடைய வெளிச்செல்லும் டனல், உங்கள் உள்வரும் டனல். ஒவ்வொன்றும் வழக்கமாக 3 ஹாப், அதாவது மூன்று ரவுட்டர்களைத் தாண்டும். ஆகவே ஒரு தளம் இருக்கிறதா என்று சோதிக்கும்போது 5 விநாடியில் கைவிடாதீர்கள். 60 விநாடி கொடுங்கள். பாப்அப்பில் "ரவுட்டர் இல்லை", "ரவுட்டர் தயாராகிறது", "தயார்" என்று மூன்று நிலை காட்டினால் பயனர் பதறி ரவுட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்ட மாட்டார். அப்படி நிறுத்தினால் டனல் கட்டுவது மறுபடி முதலிலிருந்து.

முகவரிப் பட்டை. .ஐ2பி உலகளாவிய பெயர்ப் பதிவான டிஎன்எஸ்-இல் இல்லாத ஒன்று. 2015-இல் ஆர்எஃப்சி 7686 என்ற இணையத் தர ஆவணம் வழியாக, டோர் நெட்வொர்க்கின் .ஆனியனுக்குக் கிடைத்த தனி ஒதுக்கீடும் இதற்குக் கிடையாது. ஆகவே பிரவுசர் அதை டொமைன் என்று எண்ணுவதில்லை, தேடலுக்கு அனுப்பிவிடுகிறது. பயனர் எங்கே போகப் பார்த்தார் என்பது தேடுபொறியிடம் போய்ச் சேர்கிறது என்பதால் இதுவும் கசிவுதான். அபௌட்:கான்ஃபிக்கில் பிரவுசர்.ஃபிக்ஸப்.டொமைன்சஃபிக்ஸ்ஒயிட்லிஸ்ட்.ஐ2பி என்று ஒரு பூலியனை உருவாக்கி ட்ரூ வைத்தால் நிற்கும். ஆனால் எக்ஸ்டென்ஷனால் அபௌட்:கான்ஃபிக்கைத் தொட முடியாது, பயனர்தான் செய்ய வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் வழி ஆம்னிபாக்ஸ். ஒரு கீவேர்டைப் பதிவு செய்யுங்கள். அதைத் தட்டி ஒரு இடம் விட்டு முகவரியை எழுதினால் அது உங்கள் எக்ஸ்டென்ஷனுக்கு வரும், நீங்கள் நேராகக் கன்டெய்னரில் திறக்கலாம். உள்ளீட்டைச் சரிபார்க்கும்போது பி32 முகவரிகளை (டெஸ்டினேஷனிலிருந்து கணக்கிட்ட நீண்ட பெயர்கள்) மறக்காதீர்கள்: வழக்கமானவை .பி32.ஐ2பி-க்கு முன்னால் 52 எழுத்து, என்கிரிப்ட் செய்த லீஸ்செட் (தளத்தை அடையும் வழியைச் சொல்லும் பதிவு) உள்ளவை 56 எழுத்து அல்லது அதற்கு மேல். 52-ஐ மட்டும் ஏற்கும் சோதனை எழுதினால் பின்னது எதுவும் திறக்காது. பெயரை மட்டும் தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு, முன்னால் எச்டிடிபி சேர்க்கச் சொல்லியோ கடைசியில் ஒரு சாய்கோடு போடச் சொல்லியோ குறிப்பு வையுங்கள். தேடல் பரிந்துரைகள் இயங்கிக்கொண்டிருந்தால், புள்ளி வைப்பதற்கு முன் தட்டிய எழுத்துகள் என்டர் அழுத்தும் முன்பே போய்விடும் என்பதையும் அதே குறிப்பில் சொல்லுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பயனர் எச்டிடிபிஎஸ் மட்டும் என்ற அமைப்பை வைத்திருந்தால் எச்டிடிபி-யில் மட்டும் இருக்கும் ஐ2பி தளங்கள் எச்சரிக்கைப் பக்கத்தில் நின்றுவிடும். ப்ரைவசி.நெட்வொர்க்.எச்டிடிபிஎஸ்ஒன்லிமோட் என்பதைப் படிக்க மட்டும் முடியும், மாற்ற முடியாது. படித்துப் பார்த்து, அது இயங்கினால் பாப்அப்பில் ஒரு வரி காட்டுங்கள்.

தறி

இருவருக்கும் நன்றி. சிஎஸ்பி-யை மாற்றியதும் பாப்அப் சரியாகிவிட்டது. கன்டெய்னர் விதிக்கு மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டு சந்தேகம்.

கன்டெய்னருக்குள் பயனர் ஒரு வெளி இணைய லிங்கைக் கிளிக் செய்தால் என்ன செய்வது? தானாகவே சாதாரண டேப்பில் திறந்துவிடலாம் என்று இருக்கிறேன், .ஐ2பி-ஐக் கன்டெய்னருக்கு மாற்றுவதன் மறுபக்கம் மாதிரி.

இரண்டாவது, பேக்ரவுண்ட் ஸ்கிரிப்ட் சும்மா இருந்தால் ஃபயர்பாக்ஸ் அதை நிறுத்திவிடுகிறது. திரும்ப எழும்போது கன்டெய்னர் ஐடி வைத்திருந்த மாறி காலியாக இருக்கிறது. அந்த நொடியில் வரும் கோரிக்கை எங்கே போகும்?

புறவழி

தானாகத் திறக்கவே கூடாது. உள்ளே வருவது தானாக நடக்கலாம், வெளியே போவது நடக்கக் கூடாது. ஐ2பி பக்கத்தில் ஒரு வரி ஸ்கிரிப்டோ மெட்டா ரிஃப்ரெஷோ வெளி சர்வரின் முகவரிக்குத் திருப்பிவிட்டால், உங்கள் எக்ஸ்டென்ஷனே அதை எடுத்துக்கொண்டு போய் உண்மையான ஐபி-யில் திறந்து கொடுக்கும். அந்த முகவரியில் பயனரின் அடையாள எண்ணும் சேர்ந்திருக்கும். முந்தைய பிக்சல் படத்தின் வேலைதான் இதுவும்.

கோரிக்கையை கேன்சல் செய்து, எக்ஸ்டென்ஷனுக்குள் இருக்கும் ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். அதில் போக இருந்த முகவரி முழுவதும் தெரிய வேண்டும். சுருக்கிக் காட்டினால் நீண்ட அடையாள எண் ஒளிந்துகொள்ளும். "சாதாரண டேப்பில் திற" என்று ஒரு பட்டன். பயனர் அதை அழுத்திய பிறகே டேப்ஸ்.கிரியேட். அப்படித் திறக்கும் டேப் ரெஃபரர் அனுப்பாது, அது கூடுதல் நன்மை. கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டுத் திற என்று இரண்டாவது பட்டன் வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது சந்தேகத்துக்கு: லிசனர் ஒரு ப்ராமிஸைத் திருப்பித் தரலாம், ஃபயர்பாக்ஸ் அது முடியும்வரை கோரிக்கையைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே ஐடி-யை மாறியில் வைக்காமல் ஸ்டோரேஜில் வைத்து, லிசனருக்குள் அதற்காகக் காத்திருங்கள். ஐடி கிடைக்காவிட்டால், இயல்பான குக்கி ஸ்டோரைத் தவிர வேறு எந்தக் கன்டெய்னரிலிருந்து வரும் கோரிக்கையையும் கேன்சல் செய்யுங்கள். பயனரின் வேறு கன்டெய்னர்கள் ஒரு கணம் நிற்கும், பரவாயில்லை.

லிசனரைப் பதிவு செய்வது மட்டும் ஸ்கிரிப்ட்டின் மேல்மட்டத்தில், எதற்கும் காத்திருக்காமல் நடக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் ஃபயர்பாக்ஸ் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை பிரவுசர் திறந்து பழைய டேப்களை மீட்கும்போது உங்கள் ஸ்கிரிப்ட் எழும்வரை கோரிக்கைகளை நிறுத்திவைக்கும். ஸ்டோரேஜைப் படித்து முடித்த பிறகு லிசனரைச் சேர்த்தால், மீட்கப்படும் ஐ2பி டேப்கள் உங்களுக்கு முன்னால் ஓடிவிடும்.

கன்டெய்னரைப் பயனர் கையால் அழித்துவிடலாம். ஆன்ரிமூவ்ட் நிகழ்வைக் கேட்டுப் புதிதாக உருவாக்கி ஐடி-யை மாற்றி எழுதுங்கள். ப்ரைவேட் விண்டோவில் கன்டெய்னர் கிடையாது, அங்கே .ஐ2பி வந்தால் கேன்சல் செய்து காரணம் சொல்லும் பக்கம் காட்டுவதோடு நிறுத்துங்கள்.

கல்லுளி

வேறு கருத்து ஒன்று. எக்ஸ்டென்ஷனை எவ்வளவு கவனமாக எழுதினாலும் அது பிரவுசர் கொடுக்கும் நிகழ்வுகளை நம்பித்தான் நிற்கிறது. வீடியோ அழைப்புக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி-யின் யூடிபி எந்த ப்ராக்ஸி லிசனருக்கும் வராது. டிஎன்எஸ் ப்ரீஃபெட்சும் (பெயரை முன்கூட்டியே தேடிவைப்பது) கோரிக்கையாக வராது: பக்கத்தில் ஒரு லிங்க் குறிச்சொல் இருந்தாலே பெயர் ரிசால்வரிடம் போய்விடும். .ஐ2பி பெயரும் அப்படிப் போகலாம். பதில் "இல்லை" என்றுதான் வரும், ஆனால் கேட்டது பதிவாகிவிடும்.

இவற்றை ப்ரைவசி பெர்மிஷன் வாங்கி அடைக்கலாம். நெட்வொர்க்ப்ரெடிக்ஷன்எனேபிள்ட், பியர்கனெக்ஷன்எனேபிள்ட் இரண்டையும் ஃபால்ஸ் ஆக்க வேண்டும். ஆனால் இரண்டும் பிரவுசர் முழுவதற்கும் பொருந்துபவை, ஒரு கன்டெய்னருக்கு மட்டும் என்று வைக்க முடியாது. பியர்கனெக்ஷனை நிறுத்தினால் பயனரின் சாதாரண டேப்களில் வீடியோ அழைப்பு வேலை செய்யாது. ஐ2பி டேப் திறக்கும்போது நிறுத்தி மூடும்போது விடுவது என்று சிலர் எழுதுகிறார்கள். டேப் திறப்பதற்கும் அமைப்பு மாறுவதற்கும் நடுவில் பக்கம் ஓடத் தொடங்கிவிடும், அதை நம்ப முடியாது.

உயிர் போகிற அளவுக்கு அடையாளம் முக்கியமானவர்களுக்குத் தனி ப்ரொஃபைலே சரி. அதில் கைமுறை ப்ராக்ஸி 127.0.0.1:4444, எச்டிடிபி-க்கும் எச்டிடிபிஎஸ்-க்கும் அதுவே. மீடியா.பியர்கனெக்ஷன்.எனேபிள்ட் ஃபால்ஸ், கீவேர்ட்.எனேபிள்ட் ஃபால்ஸ், பின்னது இருந்தால் முகவரிப் பட்டை தேடுபொறிக்குப் போவதும் நின்றுவிடும். இவற்றை யூசர்.ஜேஎஸ் கோப்பில் எழுதி ப்ரொஃபைல் ஃபோல்டரில் போட்டால் ஒவ்வொரு முறை பிரவுசர் கிளம்பும்போதும் அமலாகும். எக்ஸ்டென்ஷன் அங்கே நிலை காட்டவும் முகவரி எழுத உதவவும் மட்டும் இருந்தால் போதும். அது செயலிழந்தாலும் எதுவும் கசியாது. ஒரே தொல்லை, பிரவுசரின் அப்டேட் தேடல் போன்ற பின்னணிக் கோரிக்கைகளும் 4444-க்கே போய் ரவுட்டர் லாக்கை நிரப்பும்.

கன்டெய்னர் வழியை வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் பாப்அப்பில் இந்தக் கசிவு வாய்ப்புகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, இங்கே யாரும் தொடவில்லை. 4444-இல் இருக்கும் ப்ராக்ஸிக்கு ஒரு டெஸ்டினேஷன்தான். நீங்கள் போகும் எல்லாத் தளங்களுக்கும் அதே டெஸ்டினேஷன்தான் தெரியும். சர்வர் பக்க டனல் அதை எக்ஸ்-ஐ2பி-டெஸ்ட்பி32 என்ற ஹெடரில் தளத்திடம் கொடுத்துவிடுகிறது. குக்கியே இல்லாவிட்டாலும், இரண்டு தளங்கள் பேசிக்கொண்டால் இரண்டுக்கும் வந்தவர் ஒருவரே என்று தெரியும். கன்டெய்னர் இதைப் பிரிக்காது, ஏனென்றால் பிரிய வேண்டியது ரவுட்டரில்.

உங்கள் எக்ஸ்டென்ஷன் இங்கே உண்மையில் ஒரு வேலை செய்ய முடியும். ரவுட்டரில் வேறு வேறு போர்ட்டுகளில் இரண்டு மூன்று எச்டிடிபி ப்ராக்ஸி டனல் வைத்து, ஒவ்வொரு கன்டெய்னரையும் ஒரு போர்ட்டோடு இணையுங்கள். ஜாவா ரவுட்டரில் புது டனல் உருவாக்கும்போது ஷேர்ட் கிளையன்ட் என்பதில் டிக் எடுத்துவிட வேண்டும். இருந்தால் போர்ட் வேறானாலும் டெஸ்டினேஷன் ஒன்றே. ஐ2பிடி-யில் டனல்ஸ்.கான்ஃப் கோப்பில் எச்டிடிபிப்ராக்ஸி வகை டனலுக்கு கீஸ் மதிப்பை ட்ரான்சியன்ட் என்று வைத்தால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் புது டெஸ்டினேஷன். அளவோடு செய்யுங்கள்: ஒவ்வொரு டெஸ்டினேஷனுக்கும் தனி டனல் தொகுதி வேண்டும், டனலின் ஆயுள் 10 நிமிடம், அதற்குள் மறுபடி கட்டியாக வேண்டும். இருபது போர்ட் திறந்தால் ரவுட்டருக்கும் சுமை, மற்றவர்களின் ரவுட்டர்களுக்கும் சுமை.

யூசர்-ஏஜென்ட்டை எக்ஸ்டென்ஷனில் மாற்ற வேண்டாம். எச்டிடிபி ஐ2பி தளங்களுக்குப் போகும்போது ஜாவா ரவுட்டரின் ப்ராக்ஸியே எல்லோருக்கும் ஒரே மதிப்பாக மாற்றி அனுப்புகிறது. ஜாவாஸ்கிரிப்ட் படிப்பது மட்டும் உண்மையான மதிப்பு. நீங்கள் மூன்றாவதாக ஒன்றைப் புகுத்தினால் உங்கள் பயனர்கள் மட்டும் தனியாகத் தெரிவார்கள்.

மின்மினி

கல்லுளி சொன்ன போர்ட் பிரிப்பை வழிமொழிகிறேன். சேர்க்கும்போது ப்ராக்ஸிஇன்ஃபோ சோதனையில் போர்ட்டையும் அந்தந்தக் கன்டெய்னருக்கு ஏற்ப ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு அடையாளங்கள் கலந்துபோனாலும் தெரியாது.

குரோம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதே கோடு அங்கே ஓடாது. ப்ராக்ஸி.ஆன்ரிக்வெஸ்ட் கிடையாது, கன்டெய்னர் கிடையாது, மேனிஃபெஸ்ட் 3-இல் சாதாரணமாக நிறுவும் எக்ஸ்டென்ஷனுக்கு வெப்ரிக்வெஸ்ட்டில் கேன்சல் செய்யும் உரிமையும் கிடையாது. இருப்பது ப்ராக்ஸி.செட்டிங்ஸ். அதில் பிஏசி ஸ்கிரிப்ட் (எந்த முகவரி எந்த ப்ராக்ஸிக்கு என்று முடிவெடுப்பது) போடலாம், ஆனால் அந்த ஸ்கிரிப்ட்டுக்கு யூஆர்எல்லும் ஹோஸ்ட்டும் மட்டுமே தெரியும், கோரிக்கை எந்த டேப்பிலிருந்து வந்தது என்று தெரியாது. உங்கள் முதல் கசிவு அங்கே நிரந்தரம்.

குரோமில் நேர்மையாகச் செய்யக்கூடியது, ஸ்கோப்பை இன்காக்னிட்டோ_பெர்சிஸ்டன்ட் என்று வைத்து, ஃபிக்ஸ்ட்_சர்வர்ஸ் முறையில் இன்காக்னிட்டோ விண்டோ முழுவதையும் 4444-க்கு அனுப்புவது. அதற்கு இன்காக்னிட்டோவில் ஓட அனுமதியைப் பயனர் கையால் கொடுக்க வேண்டும். லோக்கல்ஹோஸ்ட்டை குரோம் தானாகவே ப்ராக்ஸியிலிருந்து விலக்கிவிடும். விலக்குப் பட்டியலில் மைனஸ்-லூப்பேக் விதியைச் சேர்த்தால்தான் ஐ2பி பக்கங்கள் ரவுட்டர் கன்சோலை நேராகத் தொடுவது நிற்கும். வெப்ஆர்டிசிஐபிஹேண்ட்லிங்பாலிசி-யை டிஸேபிள்_நான்_ப்ராக்ஸிட்_யூடிபி என்று வையுங்கள். எந்த அமைப்பை மாற்றும் முன்பும் லெவல்ஆஃப்கன்ட்ரோலைப் பாருங்கள். வேறு எக்ஸ்டென்ஷன் பிடித்து வைத்திருந்தால் உங்கள் மாற்றம் அமலுக்கு வராது, எறரும் வராது.

வெளியிடும் முன் சோதிக்க: ஜாவா ரவுட்டரோடு ஒரு வெப்சர்வர் 127.0.0.1:7658-இல் வருகிறது. அதற்கான டனல் இயல்பாக நின்றிருக்கும், கன்சோலில் ஸ்டார்ட் கொடுத்தால் உங்களுக்கென்று ஒரு ஐ2பி தளம் தயார். அதில் ஒரு சோதனைப் பக்கம் எழுதுங்கள். உங்கள் சொந்த வெளி சர்வரைக் குறிக்கும் படம், சிஎஸ்எஸ் பின்னணி, ஃபான்ட், ஐஃபிரேம், வீடியோ, ஃபெவிகான், ப்ரீஃபெட்ச், டிஎன்எஸ்-ப்ரீஃபெட்ச், ஃபெட்ச், வெப்சாக்கெட், புது டேப்பில் திறக்கும் ஃபார்ம், மெட்டா ரிஃப்ரெஷ் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு துணை டொமைன் பெயர் கொடுத்தால் எது கசிந்தது என்று பெயரே சொல்லும். ஐ2பி தளத்திலேயே இருக்கும் ஒரு படம் 302 கொடுத்து வெளி சர்வருக்குத் திருப்புவதையும் சேருங்கள், முதல் முகவரியை மட்டும் சோதிக்கும் கோடு அங்கே விழும். டிசிபிடம்பில் டிஎன்எஸ்-இன் 53-ஆம் போர்ட்டையும் உங்கள் வெளி சர்வரின் ஐபி-யையும் வடிகட்டிப் பாருங்கள். டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்-ஐச் சோதனை நேரத்தில் அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர்க் கசிவு 53-இல் தெரியாமல் போகும்.

பிறகு இதே பக்கத்தை ரவுட்டரை நிறுத்திவிட்டு ஒரு முறை, ஐ2பி டேப் திறந்திருக்கும்போது பிரவுசரை மூடித் திறந்து ஒரு முறை, எக்ஸ்டென்ஷனை ரீலோட் செய்துகொண்டே ஒரு முறை பாருங்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது பெரும்பாலும் கசியாது. மாறுகிற நேரத்தில்தான் கசியும்.

தறி

சோதனைப் பக்கத்தை ஓட்டினேன். துணைக் கோரிக்கைகள் எல்லாம் நிற்கின்றன, 302-உம் நிற்கிறது. டிஎன்எஸ்-ப்ரீஃபெட்ச் மட்டும் 53-இல் தெரிந்தது. நெட்வொர்க்ப்ரெடிக்ஷன்எனேபிள்ட்-ஐ ஃபால்ஸ் ஆக்கியதும் போய்விட்டது. பியர்கனெக்ஷனை இயல்பாக நிறுத்தி வைத்து, வீடியோ அழைப்பு வேண்டுபவர்கள் தனி ப்ரொஃபைல் வைக்கும்படி முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். குரோமை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி: புது ஐ2பி பெயரைத் திறக்கும்போது ரவுட்டர் "முகவரிப் புத்தகத்தில் சேர்க்கவா" என்று கேட்கிறது, பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை.

புறவழி

அந்தப் பக்கத்தின் ஃபார்ம் ப்ராக்ஸி.ஐ2பி-க்குத்தான் போகிறது. பாப்அப் சோதனைக்காகச் சேர்த்த வரி ஒரிஜின் எக்ஸ்டென்ஷனாக இருந்தால் மட்டும் ப்ராக்ஸி.ஐ2பி-ஐ விடுகிறது என்று நினைக்கிறேன். கன்டெய்னருக்குள்ளிருந்து வருவதையும் விடுங்கள். கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் தளங்களுக்கு மட்டும் அது அடைபட்டே இருக்கட்டும்.

ஃபயர்பாக்ஸின் எக்ஸ்டென்ஷன் தளமான ஏஎம்ஓ-வில் ஏற்றும்போது மேனிஃபெஸ்ட்டில் கெக்கோ ஐடி (எக்ஸ்டென்ஷனின் அடையாளப் பெயர்) கட்டாயம். டேட்டா_கலெக்ஷன்_பெர்மிஷன்ஸ் பகுதியில் ரிக்வயர்ட் என்பதற்கு நன் என்று எழுதுங்கள். புது எக்ஸ்டென்ஷன்களுக்கு 2025 நவம்பரிலிருந்து அது இல்லாமல் ஏற்பதில்லை. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் கன்டெய்னர் ஏபிஐ இல்லை, ஆகவே ஆண்ட்ராய்டுக்கும் பொருந்தும் என்று குறிக்காதீர்கள். அங்கே இது நிறுவப்பட்டால் ஹோஸ்ட் பெயரை மட்டும் நம்பும் பழைய நிலைக்குத்தான் வரும்.